விண்டோஸைப் பிடிக்காதவர்களுக்கு அப்படி என்னதான் கோபம்?

கேள்வி இதுதான்: உலகத்தில் மேசைக் கணினியோ மடிக்கணினியோ வைத்திருப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் விண்டோஸ்தான் பயன்படுத்துகிறார்கள். வேலை நடக்கிறது, விளையாட்டு ஓடுகிறது, பிரிண்ட் எடுக்க முடிகிறது. அப்புறம் ஏன் கணினி நன்றாகத் தெரிந்தவர்களில் ஒரு கூட்டம் அதன் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிறது? லினக்ஸ் என்ற மாற்று இயங்குதளத்தை வைத்திருக்கிறோம் என்ற பெருமையா, பெரிய நிறுவனம் என்றாலே வரும் வெறுப்பா, இல்லை உண்மையிலேயே ஏதாவது காரணம் இருக்கிறதா?

காரணம் இருக்கிறது, நியாயமான காரணம்தான். ஆனால் வழக்கமாகக் காதில் விழும் நீலத்திரை (கணினி திடீரென முடங்கும்போது வருவது), வைரஸ், மந்தமான வேகம் போன்ற புகார்களில் பாதி பழங்கதை. இன்றைய விண்டோஸ் அவ்வளவு எளிதில் முடங்குவதில்லை. கோபம் இப்போது வேறு இடத்தில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய கணினியில் எதை வைப்பது, எதை எடுப்பது, எப்போது ரீஸ்டார்ட் செய்வது என்ற கடைசி முடிவு யாருடையது? விண்டோஸ் அந்த முடிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பயனர் கையிலிருந்து எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது பளிச்சென்று தெரிகிறது, அதனால்தான் அவர்களுக்குக் கோபம் அதிகம்.

முதலில் விண்டோஸுக்குச் சேர வேண்டிய மரியாதையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய விண்டோஸின் அடித்தளம் 1993 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் என்டி. அதைக் கட்டிய குழுவின் தலைவர் டேவ் கட்லர். அதற்கு முன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் விஎம்எஸ் என்ற உறுதியான இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். அவர்கள் எழுதிய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, நல்ல பொறியியல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய மென்பொருளைக் கைவிடாமல் ஓட்டிக்காட்டுவதிலும் விண்டோஸுக்கு நிகர் கிடையாது. விண்டோஸ் 95 தயாராகிக்கொண்டிருந்தபோது சிம்சிட்டி விளையாட்டில் ஒரு பிழை தெரியவந்தது. விடுவித்துவிட்ட நினைவகத்தையே அது திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. பழைய விண்டோஸில் அதிர்ஷ்டவசமாக ஓடிய அந்த விளையாட்டு புதியதில் நின்றுபோனது. தவறு விளையாட்டை எழுதியவர்களுடையது. ஆனாலும் சிம்சிட்டி ஓடுகிறதா என்று கவனித்து, ஓடினால் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருக்கும் தனி ஏற்பாட்டை விண்டோஸுக்குள்ளேயே வைத்தார்கள். மேம்படுத்திய பிறகு தன் விளையாட்டு ஓடவில்லை என்று ஒரு பயனர்கூட ஏமாறக்கூடாது என்பதற்காகச் செய்த வேலை அது. அந்த அக்கறையை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய விண்டோஸைப் பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும்.

வெறுப்பின் முதல் அடுக்கு 1990களில் படிந்தது. அப்போது கணினித் தயாரிப்பு நிறுவனங்களோடு மைக்ரோசாப்ட் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ஒரு வகை உண்டு: விற்கும் ஒவ்வொரு கணினிக்கும், அதில் மைக்ரோசாப்டின் இயங்குதளம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பணம் கட்ட வேண்டும். டிஆர்-டாஸ் போன்ற போட்டி இயங்குதளத்தைப் போட்டு விற்க நினைத்தால் இரண்டு பக்கமும் பணம் கொடுக்க வேண்டிய நிலை. 1994இல் அமெரிக்க நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டில்தான் இந்த முறையைக் கைவிட மைக்ரோசாப்ட் ஒப்புக்கொண்டது. அதற்குள் சந்தை கையில் வந்துவிட்டது. 1998இல் நெட்ஸ்கேப் பிரவுசரை ஒழிக்க விண்டோஸின் பலத்தைப் பயன்படுத்தியது என்று அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் வழக்குப் போட்டன. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன் 2000 ஜூனில் நிறுவனத்தையே இரண்டாகப் பிரிக்க உத்தரவிட்டார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவை ரத்து செய்தது, ஆனால் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவை உறுதி செய்தது. ஐரோப்பாவில் 2004இல் 49.7 கோடி யூரோ அபராதம். வேறு பிரவுசரைத் தேர்ந்தெடுக்க வழி காட்டுகிறோம் என்று கொடுத்த வாக்கை விண்டோஸ் 7இல் காப்பாற்றவில்லை என்று 2013இல் இன்னொரு 56.1 கோடி யூரோ.

இந்த வழக்கு விவரங்களெல்லாம் இன்று கணினி வாங்கும் இருபது வயதுக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் இவற்றிலிருந்து பிறந்த ஒரு நிலைமை அவரையும் தொடுகிறது: விண்டோஸைப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை. கணினியோடு வருகிறது, அலுவலகத்தில் வருகிறது, கல்லூரியில் வருகிறது. 1999 பிப்ரவரி 15 அன்று லினக்ஸ் பயனர்கள் பலர் சேர்ந்து, நாங்கள் பயன்படுத்தாத விண்டோஸுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டு மைக்ரோசாப்ட் அலுவலகங்களுக்கு நேரில் போனார்கள். வேண்டாத பொருளுக்குக் காசு கொடுத்த எரிச்சல் எவ்வளவு பழையது என்பதற்கு இதுவே சாட்சி.

அடுத்தது பாதுகாப்பு. 2000 மே மாதம் பரவிய ஐலவ்யூ புழுவை எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சலோடு வந்த கோப்பின் பெயர் எழுத்துக்கோப்பு மாதிரி முடிந்தது. உண்மையான கடைசிப் பின்னொட்டு (கோப்பு எந்த வகை என்று காட்டும் பெயரின் கடைசிப் பகுதி) அது ஒரு ஸ்கிரிப்ட், அதாவது திறந்தால் ஓடும் நிரல் என்று காட்டியிருக்கும். ஆனால் தெரிந்த கோப்பு வகைகளின் பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிடும், அதனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு சாதாரணக் காதல் கடிதம். இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியும் புதிதாக நிறுவிய விண்டோஸில் அந்தப் பின்னொட்டு இன்னும் மறைந்துதான் இருக்கிறது! பயனர் குழம்பிவிடுவார் என்று தகவலை மறைப்பது, மறைத்ததாலேயே அவர் ஏமாறுவது. விண்டோஸின் மனப்பான்மையை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

2001இல் கோட் ரெட், நிம்டா என்ற புழுக்கள். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர். பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடாத விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைத்தாலே போதும், எதையும் திறக்காமலேயே தொற்றிவிடும். அந்தக் காலத்து எக்ஸ்பியில் வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இருந்தது, ஆனால் இயல்பில் அணைந்திருந்தது. வீட்டுப் பயனர்கள் பெரும்பாலோர் எதையும் மாற்றக்கூடிய அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரத்தோடுதான் வேலை செய்தார்கள். 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், புதிய வசதியா பாதுகாப்பா என்று வந்தால் பாதுகாப்பைத் தேர்ந்தெடுங்கள் என்றார். 2004இல் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலை இயல்பில் இயக்கியது. அதிலிருந்து நிலைமை உண்மையாகவே மாறியது. இன்று விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஒரு நல்ல வைரஸ் தடுப்பான். பெரும்பாலான வீட்டுப் பயனர்களுக்கு வேறொன்றை வாங்கத் தேவையில்லை. "விண்டோஸ் என்றாலே வைரஸ்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய கணக்கை வைத்துப் பேசுகிறார்கள்.

ஆனால் இந்த வைரஸ் காலத்திலிருந்துதான் இன்றைய சண்டை தொடங்குகிறது. ஓட்டை கண்டுபிடிக்கப்படுகிறது, பேட்ச் வெளிவருகிறது, மக்கள் போடுவதில்லை. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாகிரை புழு பரவி இங்கிலாந்தின் மருத்துவமனைகள் வரை முடங்கியபோது, அந்த ஓட்டைக்கான பேட்ச் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். ஆகவே அப்டேட்டைத் தானாகவே போட்டுவிட வேண்டும் என்ற மைக்ரோசாப்டின் முடிவில் நியாயம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். கட்டாய அப்டேட் என்பது ஒரு பெரிய நம்பிக்கை. "என் கணினிக்குள் நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், என் பாதுகாப்புக்காக மட்டும் வருவாய் என்று நம்புகிறேன்" என்று பயனர் சொல்வதற்குச் சமம். அந்த வழியாகப் பாதுகாப்போடு சேர்த்து வேறு சரக்கும் வர ஆரம்பித்ததுதான் பிரச்சினை.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஓராண்டு வரை இலவசம். நல்ல சலுகைதான். ஆனால் வேண்டாம் என்றவர்களை விடவில்லை. அப்டேட் வழியாகவே ஒரு சிறு நிரல் கணினிக்குள் வந்து உட்கார்ந்து, திரும்பத் திரும்ப அழைப்பு விடுத்தது. 2016இல் அந்த அழைப்புப் பெட்டியின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியை அழுத்தி மூடினால், குறித்த நேரத்தில் மேம்படுத்தச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. இருபது ஆண்டுகளாக அந்தக் குறிக்கு "வேண்டாம், மூடு" என்பதுதான் பொருள் என்று மக்களைப் பழக்கியதே விண்டோஸ்தான். காலையில் வந்து பார்த்தால் வேறு இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கிறது, பிரிண்டர் போன்றவற்றை இயக்கும் பழைய டிரைவர் வேலை செய்யவில்லை, அவசர வேலை நின்றுவிட்டது. மைக்ரோசாப்டின் மார்க்கெட்டிங் தலைவர் கிறிஸ் கப்போசெலாவே அந்த ஆண்டு இறுதியில், எல்லை தாண்டிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த ஒரு சம்பவம் செய்த சேதம் பெரியது. அதற்குப் பிறகு பலர் அப்டேட்டை முழுதாக அணைத்துவைக்க வழி தேடினார்கள். பாதுகாப்புக்காகக் கட்டிய ஏற்பாட்டையே பாதுகாப்பற்றதாக நினைக்க வைத்துவிட்டது. 2018 அக்டோபரில் வந்த பெரிய அப்டேட் சிலருடைய ஆவணங்களையே அழித்துவிட்டது. வெளியிட்ட சில நாட்களில் நிறுத்திவைத்து, நவம்பரில் சரிசெய்து மறுபடி வெளியிட்டார்கள். முன்னோட்டப் பதிப்பைப் பயன்படுத்திய தன்னார்வலர்கள் சிலர் கோப்பு காணாமல் போவதை முன்பே எழுதி அனுப்பியிருந்தார்கள், குவியலில் அது கவனிக்கப்படாமல் கிடந்தது. ஆரம்பத்தில் வீட்டுப் பயனர்களுக்கான ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்கள் அப்டேட்டைத் தள்ளிப்போடவே முடியாது. 2019இல்தான் அவர்களுக்கும் 35 நாள் வரை நிறுத்திவைக்க வழி கொடுத்தார்கள். கேட்டால் கொடுக்கிறார்கள், ஆனால் நான்கு ஆண்டு கத்திய பிறகு.

தகவல் சேகரிப்பும் விண்டோஸ் 10இல்தான் பெரிய விவகாரமானது. கணினி எப்படி ஓடுகிறது, எந்த மென்பொருள் முடங்கியது போன்ற விவரங்கள் மைக்ரோசாப்டுக்குப் போகின்றன. பிழை திருத்த இது உதவும், உண்மை. ஆனால் ஹோம், ப்ரோ பதிப்புகளில் இதைக் குறைக்கலாமே தவிர முழுதாக அணைக்க முடியாது. எண்டர்பிரைஸ், கல்விப் பதிப்புகளில் முடியும். அதாவது அணைப்பது தொழில்நுட்ப ரீதியாக முடியாத காரியம் இல்லை, சாதாரண ஆளுக்கு அந்த உரிமை தரப்படவில்லை, அவ்வளவுதான். பிரான்சின் தனியுரிமை ஆணையம் 2016இல் அளவுக்கு மீறிச் சேகரிக்கிறீர்கள் என்று நோட்டீஸ் அனுப்பியது. 2017இல் நெதர்லாந்து அதிகாரிகளும் விண்டோஸ் 10 தங்கள் தனியுரிமைச் சட்டத்தை மீறுகிறது என்றார்கள். அதன் பிறகு விண்டோஸின் தனியுரிமை அமைப்புகள் (செட்டிங்ஸ்) தெளிவானவையாக மாறின என்பதையும் சொல்ல வேண்டும்.

விளம்பரம் இன்னொரு தொல்லை. விண்டோஸ் 10 காலத்தில், நிறுவி முடித்த புதுக் கணினியில் கேட்காமலே கேண்டி கிரஷ் விளையாட்டு வந்து நின்றது. லாக் ஸ்கிரீனில், ஸ்டார்ட் மெனுவில், கோப்புகளைத் திறக்கும் எக்ஸ்ப்ளோரரில்கூட, "பரிந்துரை" என்ற பெயரில் ஏதாவது ஒன்று. 2024 ஏப்ரலில் விண்டோஸ் 11இன் ஸ்டார்ட் மெனுவில் ஸ்டோரில் உள்ள ஆப்களுக்கான பரிந்துரைகளும் சேர்ந்தன. இலவசச் சேவையில் விளம்பரம் வருவதை எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இது காசு வாங்கி விற்ற பொருள். கணினியின் விலைக்குள் விண்டோஸின் விலையும் இருக்கிறது, அதிகம் கொடுத்து ப்ரோ வாங்கினாலும் இவை முழுதாக விடுவதில்லை. ஒவ்வொன்றையும் அணைக்க அமைப்புகளில் எங்கோ ஒரு பொத்தான் இருக்கிறதுதான். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை, அடுத்த பெரிய அப்டேட்டில் இன்னொரு புதுப் பொத்தான் "ஆன்" நிலையில் வந்து சேரும்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது கணக்கு விவகாரம். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதல்முறை அமைக்கும்போது இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கட்டாயம். 2022இல் வீட்டுப் பயன்பாட்டுக்கான ப்ரோவுக்கும் அதே விதி வந்தது. கணக்கு இல்லாமல் அமைக்க ஒரு கட்டளைக் கோப்பு உதவிக்கொண்டிருந்தது; 2025இல் சோதனைப் பதிப்புகளிலிருந்து அதையும் நீக்கினார்கள். உள்ளே நுழைந்ததும் மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பான ஒன்ட்ரைவ் காத்திருக்கிறது. டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் "காப்புப்பிரதி" என்ற பெயரில் இணையச் சேமிப்புக்கு எடுத்துப்போகும் ஏற்பாடு, பல புதுக் கணினிகளில் தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. இலவச இடம் 5 ஜிபி. அது நிறைந்ததும் இடம் வாங்கச் சொல்லி நச்சரிப்பு. இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், இது வழக்கமான காப்புப்பிரதி இல்லை, ஒத்திசைவு. இணையத்தில் இடம் காலி செய்வதாக நினைத்துக்கொண்டு அங்கே அழித்தால் கணினியிலிருந்தும் கோப்பு போய்விடும். கணினி அறிவு குறைவாக உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். தன் படங்கள் தன் கணினியில் இருக்கின்றனவா, வேறெங்காவது இருக்கின்றனவா என்றே ஒருவருக்குத் தெரியாத நிலைமையை உருவாக்கியது மன்னிக்கக்கூடிய வடிவமைப்புப் பிழையாக எனக்குத் தோன்றவில்லை.

பிரவுசரும் அப்படித்தான். உங்கள் விருப்ப பிரவுசராக வேறொன்றை வைத்திருந்தாலும், விண்டோஸ் தேடலிலும் விட்ஜெட்டிலும் உள்ள இணைப்பைத் தொட்டால் மைக்ரோசாப்டின் பிரவுசரான எட்ஜ்தான் திறக்கும். அந்த இணைப்புகளை விருப்ப பிரவுசருக்குத் திருப்பிவிட எட்ஜ்டிஃப்ளெக்டர் என்ற சிறு மென்பொருள் இருந்தது. 2021 நவம்பரில் அது வேலை செய்ய முடியாதபடி விண்டோஸை மாற்றினார்கள். ஒரு நிறுவனத்தின் பொறியாளர்கள் நேரம் செலவழித்து, பயனரின் விருப்பம் நிறைவேறும் வழியை அடைத்திருக்கிறார்கள். சிம்சிட்டிக்காகத் தனி ஏற்பாடு செய்த அதே நிறுவனம்.

இவையெல்லாம் தொழில்நுட்பக் கட்டாயம் என்று யாராவது சொன்னால் ஐரோப்பாவைக் காட்டலாம். அங்கே பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. உடனே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் உள்ள பயனர்கள் எட்ஜை நீக்க முடிந்தது, ஸ்டார்ட் மெனுத் தேடலிலிருந்து மைக்ரோசாப்டின் தேடுபொறியான பிங்கை எடுக்க முடிந்தது, இணைப்புகளும் விருப்ப பிரவுசரிலேயே திறந்தன. அதே விண்டோஸ், அதே நிரல். நாடு மாறினால் பொத்தான் தோன்றுகிறது. உலகின் மற்ற இடங்களில் அந்தப் பொத்தான் இல்லாதது முடியாததால் இல்லை, கொடுக்க மனமில்லாததால். விண்டோஸ் எதிர்ப்பாளர்களின் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதாரத்தை அவர்களாலேயே தயாரித்திருக்க முடியாது.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 இன்னொரு காயத்தை உண்டாக்கியது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை புராசசராவது வேண்டும் என்றார்கள். 2017 வாக்கில் வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற எத்தனையோ கணினிகள் இதில் விழுந்துவிட்டன. டிபிஎம்மால் குறியாக்கச் சாவிகளைப் பாதுகாப்பது போன்ற நிஜப் பயன்கள் உண்டு. ஆனால் கோடு போட்ட இடம்தான் உறுத்துகிறது. ஏழாம் தலைமுறையைப் பொதுவாக ஒதுக்கிவிட்டு, அதிலிருந்து விதிவிலக்காக ஏற்றுக்கொண்ட ஒருசில சில்லுகளில் ஒன்று, மைக்ரோசாப்ட் தானே விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2இல் இருந்தது. தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டவர்களின் பழைய கணினிகளோ ஒழுங்காக ஓடின. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் 30 டாலர், அல்லது மைக்ரோசாப்ட் கணக்கோடு அமைப்புகளை ஒத்திசைக்க வேண்டும், அல்லது அவர்களின் பரிசுப் புள்ளிகள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் மட்டும், கணக்கில் நுழைந்தால் போதும், இலவசம். மறுபடியும் அதே கதை.

ரீகால் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 மே மாதம் அறிவித்தார்கள்: சில விநாடிக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு "போன வாரம் பார்த்த அந்த நீலச் சட்டை" என்று தேடலாம். எல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கும், வெளியே போகாது என்றார்கள். பாதுகாப்பு ஆய்வாளர்கள் முன்னோட்டப் பதிப்பைப் பிரித்துப் பார்த்தால், எடுத்த படங்களில் இருந்த எழுத்துகள் அத்தனையும் பயனர் கணக்கில் ஓடும் எந்த நிரலும் படிக்கக்கூடிய சாதாரண டேட்டாபேஸில் கிடந்தன. அதாவது ஒரு திருட்டு நிரல் நுழைந்தால், மாதக்கணக்கில் நீங்கள் திரையில் பார்த்த அனைத்தும் அதன் கையில். எதிர்ப்பு கிளம்பியதும் வெளியீட்டைத் தள்ளிவைத்தார்கள். குறியாக்கம் சேர்த்து, பயனர் தானாக விரும்பி இயக்கினால்தான் ஓடும் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் வெளியிட்டார்கள். திருந்திய வடிவம் எவ்வளவோ மேல். ஆனாலும் அடுத்த மாதமே சிக்னல் என்ற செய்திச் செயலி தன் திரையை ரீகால் பிடிக்காதபடி இயல்பிலேயே மறைத்துக்கொண்டது. இயங்குதளத்திடமிருந்து பயனரைக் காப்பது ஒரு செயலியின் வேலையாகிவிட்டது என்றால் நம்பிக்கை எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

நிரல் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு புகார்ப் பட்டியல் உண்டு. வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழிக்கவோ மாற்றவோ விண்டோஸ் பெரும்பாலும் விடாது. அப்டேட்டுக்கு அடிக்கடி ரீஸ்டார்ட் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கோப்புப் பாதைக்கு 260 எழுத்து வரம்பு இன்றும் பல இடங்களில் இடிக்கிறது. 2012இல் விண்டோஸ் 8இல் தொடங்கிய புதிய அமைப்புகள் பக்கம் இன்னும் பழைய கண்ட்ரோல் பேனலை முழுதாக மாற்றவில்லை, எதை எங்கே தேடுவது என்று இரண்டிலும் அலைய வேண்டும். விண்டோஸ் 11இல் டாஸ்க்பாரைத் திரையின் பக்கவாட்டுக்கு நகர்த்தும் வசதியை எடுத்துவிட்டார்கள், விண்டோஸ் 95 காலத்திலிருந்து இருந்தது அது.

சில குற்றச்சாட்டுகள் நியாயமற்றவை. நீலத்திரையில் கணிசமான பங்கு வேறு நிறுவனங்கள் எழுதிய டிரைவர்களால் வருவது. 2024 ஜூலை 19 அன்று உலகம் முழுக்க விமான நிலையங்கள் வரை முடங்கின. மைக்ரோசாப்டின் கணக்குப்படி பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் கணினிகள். அதற்குக் காரணம் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட். அன்று விண்டோஸைத் திட்டியவர்கள் தவறான ஆளைத் திட்டினார்கள். லினக்ஸ் பக்கமும் குறை இருக்கிறது: உதவி கேட்டு வரும் புதியவரிடம் "இதுகூடத் தெரியாதா" என்று பேசும் ஆட்களால் எத்தனையோ பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

"ஆப்பிளும் இதையெல்லாம் செய்கிறதே, அதன்மேல் ஏன் இவ்வளவு கோபம் இல்லை?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஆப்பிளும் பழைய கணினிகளைக் கைவிடுகிறது, தன் சேவைகளைத் தள்ளுகிறது, பல விதங்களில் இன்னும் இறுக்கமாகவே பூட்டி வைக்கிறது. ஆனால் மேக் வாங்கியவர் மேக் வேண்டும் என்று தேடிப்போய் வாங்கியவர். விண்டோஸைப் பயன்படுத்தும் பலருக்கு அந்தத் தேர்வே இருக்கவில்லை. விலகவும் எளிதில் முடியாது. அடோபியின் மென்பொருள்கள் லினக்ஸில் ஓடாது. கணக்காளர் எக்செல் மேக்ரோக்களை விட்டு வர முடியாது. விளையாட்டுக்காரர்களுக்கு மட்டும் ஓரளவு கதவு திறந்திருக்கிறது: வால்வ் நிறுவனம் 2018இல் கொண்டுவந்த புரோட்டான் மென்பொருளும், 2022இல் லினக்ஸோடு விற்பனைக்கு வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியும் ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டிக்காட்டின. ஆனால் கெர்னல் அளவில் ஏமாற்றுத் தடுப்பு வைத்திருக்கும் பல போட்டி விளையாட்டுகள் இன்னும் விண்டோஸை விட்டு நகரவில்லை. மியூனிக் நகர நிர்வாகம் 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஆண்டுக்கணக்கில் உழைத்து மாறி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. பிடிக்காததை விட்டு விலக முடிந்தால் வெறுப்பு சீக்கிரம் ஆறிவிடும். விலக முடியாதபோது அது தினமும் புதுப்பிக்கப்படுகிறது.

உங்களுக்கு விண்டோஸில் வேலை நிம்மதியாக நடக்கிறது என்றால் யாரோ திட்டுகிறார்கள் என்பதற்காக மாற வேண்டாம். ஆனால் இவற்றை மட்டும் செய்துகொள்ளுங்கள். தனியுரிமைப் பகுதியில் விருப்பத் தகவல் சேகரிப்பையும் விளம்பர அடையாளத்தையும் அணையுங்கள். ஸ்டார்ட் மெனுப் பரிந்துரைகளை அணையுங்கள். கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்ட்ரைவ் எந்தெந்தக் கோப்புறைகளை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று இன்றே திறந்து பாருங்கள், நிறுத்துவதற்கு முன் கோப்புகள் கணினியில் முழுதாக இறங்கியிருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கோடு அமைத்த பிறகும், கணக்குகள் பகுதியில், கணினிக்குள் மட்டும் இருக்கும் உள்ளூர்க் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். வட்டுக் குறியாக்கம் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதிவைத்துவிட்டு மாறுங்கள். அது உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில்தான் சேமித்திருக்கும். பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் எந்தக் கோபத்திலும் நிறுத்தாதீர்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி கையில் இருந்தால், குப்பையில் போடுவதற்கு முன் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை யுஎஸ்பியில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து எழுகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, உங்களுக்கு இன்றியமையாத மென்பொருளுக்கு மாற்று கிடைக்கிறதா என்று ஒரு வாரம் சோதியுங்கள். நான்கும் சரியென்றால் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துவிட்டு நிறுவலாம். ஒன்று தவறினாலும் அவசரப்பட வேண்டாம்; கூடுதல் அப்டேட்டுக்குப் பதிவு செய்துகொண்டால் விண்டோஸ் 10இலேயே 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பாகக் காலம் ஓட்டலாம்.